ஜாடி மாவடுவும் உப்பளத்துப் பாசியும்

போன வருஷம் பங்குனியில் ஆயா மாவடு போட்டபோது, ஜாடியைத் தினமும் குலுக்கி வைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. விளக்கெண்ணெய் தடவி, கல் உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் கடுகுப்பொடியும் போட்டுப் பிசறி, வாயில் வெள்ளைத் துணி வேடு கட்டி இரண்டாம் கட்டில் வைத்திருந்த ஜாடி. முதல் நாள் கோலிக்குண்டு மாதிரி கடகடவென்று சத்தம் போட்ட வடுக்கள் மூன்றாம் நாள் சத்தமில்லாமல் புரண்டன. திறந்து பார்த்தால் பாதி ஜாடிக்குத் தண்ணீர். யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை, எல்லாம் வடுவுக்குள் இருந்து வந்ததுதான். வடு ஒவ்வொன்றும் ஆயாவின் விரல் முட்டி மாதிரி சுருங்கிக் கிடந்தது.

"உப்பு தண்ணிய வாங்கிக்கிடும்டா, அதான்" என்றார் ஆயா. கல்லூரியில் சவ்வூடு பரவல் என்று எனக்கு இரண்டு வகுப்பு எடுத்ததன் சாரம் மொத்தமும் அந்த ஒரு வரிதான்.

அதே வாரம் மொட்டை மாடியில் என்னிடம் இன்னொரு உப்புத் தண்ணீர் இருந்தது. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில், ஆத்தங்குடிக் கல்லின் செங்காவி நிறத்தில். அதற்குள் உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. கீழே உப்பில் கிடந்த வடு மூன்று நாளில் கிழமாகிறது, மேலே அதைவிடக் கடுமையான உப்பில் ஒன்று வாலாட்டிக்கொண்டு திரிகிறது. இது எப்படி என்ற கேள்வி என்னைக் கொஞ்ச நாள் ஆட்டி வைத்தது. அந்தக் கதைதான் இது, நீளமாகத்தான் இருக்கும்.

பாட்டில் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாகத் தொண்டி போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினால் உப்பூர் வரும். வெயிலுகந்த விநாயகர் இருக்கிற ஊர். வெயில் மேலே படட்டும் என்று கூரையில்லாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையார். பெயரிலேயே உப்பு, சாமிக்கே வெயில், அப்புறம் அந்தப் பக்கம் உப்பளம் இல்லாமல் இருக்குமா? சாமி கும்பிட்டுவிட்டு அந்தப் பக்கத்து உப்பளம் ஒன்றில் வண்டியை நிறுத்தினோம். கடல் தண்ணீர் முதலில் வந்து நிற்கிற பெரிய பாத்தி சாம்பல் பச்சையாக இருந்தது. அடுத்தடுத்த பாத்திகளில் பழுப்பு. உப்பு பூக்கிற கடைசிப் பாத்திகளுக்கு முந்தியது நல்ல சிவப்பு.

அங்கே வேலை செய்துகொண்டிருந்த அண்ணன் ஒருவர், ஒரு குழாயில் தண்ணீர் மொண்டு அதில் மீட்டரை மிதக்கவிட்டு உப்புச் செறிவு எத்தனை டிகிரி என்று பார்த்தார். கடல் தண்ணீர் மூன்று, மூன்றரை டிகிரிதான் காட்டுமாம். இருபத்தைந்து தொட்டால் உப்பு பூக்கும். "தண்ணி செவக்கணும் தம்பி, செவந்தாத்தான் உப்பு வெரசா எறங்கும்" என்றார். முதலில் இதை நம்பிக்கை என்று நினைத்தேன். அப்படி இல்லை. சிவந்த தண்ணீர் வெயிலை அதிகம் உறிஞ்சுகிறது, சூடேறுகிறது, சீக்கிரம் ஆவியாகிறது. தண்ணீரைச் சிவப்பாக்குகிற உயிர்கள் உப்பளக்காரருக்குச் சம்பளமில்லாத ஆட்கள்.

இந்தச் சிவந்த தண்ணீரில் இருக்கிற பாசியை முதலில் எழுதி வைத்தவர் பிரான்ஸ்காரர், மிஷேல் ஃபெலிக்ஸ் டுனால். 1838இல், தென் பிரான்சில் மோன்பெலியே பக்கத்து உப்பளத்தில் பார்த்தார். 1905இல் ருமேனியாவின் தியோடொரெஸ்கோ அந்தப் பாசிக்கு டுனாலின் பெயரையே வைத்தார்: டுனாலியெல்லா. அதில் பெரிய உப்புக்காரி டுனாலியெல்லா சலைனா. கடைசிப் பாத்தியில் நீங்கள் பார்க்கிற சிவப்பில் பெரும்பங்கு இவளுடையது அல்ல, ஆர்க்கியா என்கிற வேறு வகை நுண்ணுயிர்களுடையது. அதில் ஒன்று தபால் தலை மாதிரி தட்டையான சதுரம். 1980இல் வால்ஸ்பி என்பவர் சினாய் பாலைவனத்து உப்புக் குட்டையில் அதைக் கண்டுபிடித்தார். சதுரமாக ஓர் உயிர் இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சரி, பாசிக்கு வருவோம். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிற நண்பன் ஒருவனின் தயவில் மைக்ராஸ்கோப் கிடைத்தது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நீளம், பேரிக்காய் வடிவம், முன்னால் சமநீளத்தில் இரண்டு இழை. அந்த இழைகளால் துடுப்புப் போட்டு ஓடுகிறது. உடம்புக்குள் கிண்ணம் மாதிரி ஒரே ஒரு பசுங்கணிகம், அதன் அடியில் ஸ்டார்ச் சேமிக்கிற இடம். இவ்வளவுதான். நான் தேடியது செல் சுவரை. அது இல்லை.

இதுதான் என்னைக் குழப்பியது. மாவடுவின் செல்லுக்குச் சுவர் உண்டு. இந்தப் பாசியின் நன்னீர்ச் சொந்தக்காரி கிளமிடோமோனாஸ், ஊருணித் தண்ணீரில் இருக்கக்கூடியது, அதற்கும் சுவர் உண்டு. போதாததற்கு உள்ளே வரும் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளக் குட்டிப் பம்புகளும் உண்டு. டுனாலியெல்லாவுக்குச் சுவரும் இல்லை, பம்பும் இல்லை, மெல்லிய ஒரு சவ்வும் அதன்மேல் வழவழப்பாக ஒரு பூச்சும்தான். கோட்டை மாதிரி வீட்டில் இருப்பவர் சுருங்கிச் சாகிறார், கொட்டகையில் இருப்பவர் பிழைக்கிறார் என்றால் ஏதோ கணக்கு இருக்கிறது.

உப்பில் வாழ்வதற்கு இரண்டு வழி. ஒன்று அந்த ஆர்க்கியாக்களின் வழி: வெளியே சோடியம் உப்பு இருக்கிற அளவுக்கு உள்ளே பொட்டாசியம் உப்பை நிரப்பிக்கொள்வது. வெளியும் உள்ளும் சமம், தண்ணீர் எங்கும் ஓடாது. ஆனால் அத்தனை உப்புக்குள் வேலை செய்ய உள்ளே இருக்கிற புரதம் ஒவ்வொன்றும் உப்புக்கென்றே வார்க்கப்பட்டதாக இருக்க வேண்டும். உப்பு குறைந்தால் அந்தப் புரதங்கள் குலைந்துவிடும். உப்புக்கு அடிமை என்றே சொல்லலாம். டுனாலியெல்லாவும் இப்படித்தான் உப்பை விழுங்கிச் சமாளிக்கிறது என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உப்பைத் தாங்கும் பாசி என்று பெயர் வைத்துவிட்டால் மனம் அப்படித்தான் போகிறது.

அது உப்பை உள்ளேயே விடுவதில்லை. நுழைகிற சோடியத்தைச் சவ்விலேயே பிடித்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. வெளியே எவ்வளவு கரித்தாலும் செல்லுக்குள் சோடியம் சொற்பம்தான். அதன் நொதிகளைப் பிரித்தெடுத்து உப்பில் போட்டால் நம்முடைய நொதிகள் மாதிரியே படுத்துவிடும், உப்புக்கென்று உள்ளே தனிச் சரக்கு எதுவும் கிடையாது. உப்புக்குப் பதிலாக உள்ளே நிரப்பி வைத்திருப்பது கிளிசரால். வாய் வெடித்தால் ஆயா மருந்துக்கடையில் வாங்கித் தடவுகிற அதே கிளிசரின்.

1964இல் கனடாவில் கிரெய்கி, மெக்லாக்லன் இருவரும் இந்தப் பாசி இனம் ஒளியில் கிளிசரால் தயாரிப்பதைப் பார்த்தார்கள். 1973இல் இஸ்ரேலின் பென்-அமோட்ஸும் அவ்ரோனும், வெளியே உப்பு ஏற ஏற உள்ளே கிளிசரால் ஏறுகிறது, இறங்க இறங்க இறங்குகிறது, செல் அதை வைத்துத்தான் தன் பருமனைக் காப்பாற்றுகிறது என்று காட்டினார்கள். உப்பு கரைய முடியாமல் அடியில் தங்குகிற நிலைவரை இந்த ஏற்பாடு தாக்குப்பிடிக்கிறது. அந்த நிலையில் செல்லின் காய்ந்த எடையில் பாதிக்கு மேல் கிளிசராலாகவே இருக்கக்கூடும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், அது பாசியா, சர்பத்தா?

ஏன் கிளிசரால்? தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும், புரதங்களைத் தொந்தரவு செய்யாது, மூன்றே கார்பன் என்பதால் தயாரிக்கச் செலவு குறைவு. குறை ஒன்று உண்டு. சின்ன மூலக்கூறு, சாதாரண செல் சவ்வு வழியாக எளிதாகக் கசிந்து போய்விடும். டுனாலியெல்லாவின் சவ்வு மட்டும் கிளிசராலை அநேகமாக வெளியே விடுவதில்லை. எனக்கு இதில் கிளிசராலைவிட இந்தச் சவ்வுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. சம்பாதிப்பது யாருக்கும் முடியும், ஓட்டைப் பையில் போடாமல் இருப்பதுதான் சாமர்த்தியம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

இதைக் கண்ணால் பார்க்க ஆசை. பத்து சதவீத உப்பில் வளர்ந்துகொண்டிருந்த பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்தோம். ஓரத்தில் செறிவான உப்புக் கரைசலை விட்டு, மறு ஓரத்தில் வடிதாளை வைத்து இழுத்தோம், தகடு காய்ந்து தானாக உப்பு ஏறிவிடக் கூடாது என்று சுற்றிலும் வாசலின் பூசினோம். உப்பு போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் மாறிப்போனது. ஓடிக்கொண்டிருந்தவை அப்படியே நின்றன. பேரிக்காய் வடிவம் போய், பக்கமெல்லாம் குழி விழுந்து, நாலாம் நாள் வடு மாதிரி ஆகிவிட்டன. "முடிஞ்சுதுப்பா, கொன்னுட்டோம்" என்றான் நண்பன். டீ குடிக்கப் போனோம்.

திரும்பி வந்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. முதலில் வித்தியாசம் தெரியவில்லை. அப்புறம் மூலையில் ஒன்று லேசாக நடுங்கியது. ஓரங்கள் மெல்ல வட்டமாகிக்கொண்டு வந்தன. இன்னும் ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் பழைய பருமனுக்கு வந்து, தட்டுத்தடுமாறி நீந்த ஆரம்பித்துவிட்டன. அதே உப்பில். வெளியே எதுவும் மாறவில்லை, உள்ளே மாற்றிக்கொண்டுவிட்டன. சுவர் இல்லாததன் லாபமும் அப்போதுதான் புரிந்தது: இழுத்துப் பிடிக்க ஓடு இல்லாததால் கிழியாமல் சுருங்கவும் முடிகிறது, உடனே உப்பவும் முடிகிறது.

அந்த இரண்டு மணி நேரத்தில் கிளிசரால் எங்கிருந்து வந்தது? பகலாக இருந்தால் ஒளிச்சேர்க்கையில் வரும் கார்பனிலிருந்து, இருட்டாக இருந்தால் பசுங்கணிகத்தில் சேர்த்து வைத்த ஸ்டார்ச்சை உடைத்து. இந்தக் கட்டத்துக்குப் புதுப் புரதம் எதுவும் தயாரிக்க வேண்டியதில்லை. புரத உற்பத்தியை மருந்து போட்டு நிறுத்தினாலும் கிளிசரால் ஏறுகிறது. தேவையான நொதிகள் ஏற்கெனவே ஆயத்தமாக நிற்கின்றன, தண்ணீர் போனதுமே வேலை தொடங்கிவிடுகிறது. வட்டிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு இதைப் பேரேடாகப் பார்க்காமல் இருக்க முடியவில்லை: ஸ்டார்ச் நிரந்தர வைப்பு, கிளிசரால் கைரொக்கம். ரொக்கம் தேவைப்பட்டால் வைப்பை உடைக்கலாம், தேவை தீர்ந்தால் திரும்பப் போட்டு வைக்கலாம். போட்டு வைக்கலாம் என்பதுதான் முக்கியம், அதற்கு இப்போது வருகிறேன்.

எல்லாரும் உப்பைப் பற்றியே பேசுகிறோம். இந்தப் பாசிக்குப் பெரிய ஆபத்து மழைதான். வெளியே உப்பு சட்டென்று குறைந்தால் தண்ணீர் உள்ளே பாய்கிறது. செல் உப்புகிறது, சுவர் இல்லை, பம்பும் இல்லை. மெதுவாகக் குறைந்தால் கிளிசராலைத் திரும்ப ஸ்டார்ச்சாக்கிச் சமாளித்துவிடும், மூன்று நான்கு மடங்கு நீர்த்துப்போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளும். சில செல்கள் இழைகளை விட்டுவிட்டு, உருண்டையாகி, வழவழப்பான உறைக்குள் கூட்டமாக முடங்கிக் கிடந்தும் காலத்தை ஓட்டும். ஆனால் அவகாசம் வேண்டும்.

நான் அவகாசம் கொடுக்கவில்லை. புரட்டாசிவாக்கில் பாட்டில் போதாமல் ஓர் அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் மாற்றி மாடியில் திறந்தே வைத்திருந்தேன். நான்கு விரல் ஆழம் தண்ணீர். ஐப்பசியில் ஒரு ராத்திரி இடியோடு கொட்டியது, நான் தூங்கிவிட்டேன். காலையில் தொட்டி விளிம்புவரை நிரம்பி வழிந்து, பச்சையும் இல்லை சிவப்பும் இல்லை, கழுநீர் நிறத்தில் ஒரு ஏடு மிதந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை, நாற்றமே சொல்லிவிட்டது. ஆறு மாச வளர்ப்பு. ஜன்னலோரம் மறந்து விட்டிருந்த பழைய பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருந்ததால் தப்பித்தேன்.

அப்படியானால் உப்பளத்தில் வருஷா வருஷம் மழை பெய்கிறதே, அங்கே எப்படி? மழைத் தண்ணீர் இலேசானது, செறிந்த உப்புத் தண்ணீர் கனமானது. காற்று பலமாகக் கலக்காதவரை நல்ல தண்ணீர் மேலே ஓர் அடுக்காக நிற்கும், கீழே பழைய உப்பு அப்படியே இருக்கும். நடுவில் எல்லா அளவிலும் உப்பு, வேண்டிய ஆழத்தில் வாழ்ந்துகொள்ளலாம். என் தொட்டியின் நான்கு விரல் ஆழத்தில் அடுக்குக்கு இடமே இல்லை. சாக்கடல் கதை இதற்கு நேர் எதிர். அங்கே தண்ணீர் டுனாலியெல்லாவுக்கே கூடுதல் கடுமை, மக்னீசியம் வேறு. சாதாரண வருஷங்களில் நீர்நடுவே அது காணக் கிடைப்பதில்லை. 1980இலும் 1992இலும் அசாதாரணமாக மழை பெய்து மேலடுக்கு நீர்த்தபோதுதான் பாசி பொங்கியது, அதைத் தின்று ஆர்க்கியாக்கள் பெருகிக் கடலே சிவந்தது. எனக்கு எமனாக வந்த மழை அங்கே விதைப்பு மழை.

நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாட்டிலைப் பார்த்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். இது உண்மையில் பச்சைப் பாசி. மிச்சமிருந்ததை மறுபடி பெருக்க, உரக்கடையில் 13-0-45 கால் கிலோ வாங்கிச் சிட்டிகை போட்டேன் (பொட்டாசியம் நைட்ரேட்தான், தோட்டக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும்), ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவும். தண்ணீர் பத்துப் பதினைந்து நாளில் அருகம்புல் பச்சையாகிவிட்டது. ஆப்ப சோடா எதற்கு என்றால், உப்பு கூடக் கூடத் தண்ணீரில் கரியமில வாயு கரைவது குறைந்துகொண்டே போகும், பாசிக்கு உப்போடு இந்தப் பட்டினியும் சேர்ந்துகொள்ளும். அதைச் சமாளிக்க டுனாலியெல்லா தன் வெளிச்சவ்வில் ஒரு நொதியை அதிகமாக நட்டு வைக்கிறது. அந்த நொதி மட்டும் உப்புக் கடலுக்கு முகம் காட்டி நிற்பதால், அதன் மேற்பரப்பு உப்பில் கரைந்து நிற்கும்படி அமைந்திருக்கிறது. உள்ளே வேலை செய்பவர்கள் சாதாரண ஆட்கள், வாசலில் நிற்பவருக்கு மட்டும் தடித்த தோல்.

உரத்தை நிறுத்தினேன், தண்ணீர் சுண்டட்டும் என்று சித்திரை வெயிலில் விட்டேன். பச்சை மங்கி, பழுத்து, ஆரஞ்சாகி, கடைசியில் செங்காவி. கடும் வெயில், நைட்ரஜன் பஞ்சம், உப்பு மூன்றும் சேரும்போது செல் வளர்வதை நிறுத்திவிட்டு, கேரட்டுக்கு நிறம் தருகிற பீட்டா கரோட்டினைக் கொழுப்புத் துளிகளாகப் பசுங்கணிகத்துக்குள் அடைக்கிறது. காய்ந்த எடையில் பத்து சதவீதம்வரை போகும். வெயிலுக்குக் குடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் ஹட் லகூனில் குளம் குளமாக வளர்த்து இந்தக் கரோட்டினை எடுக்கிறார்கள். நம் பக்கத்திலேயே, புதுக்கோட்டை மாவட்டத்து ஊனையூரில் சுருள்பாசி (ஸ்பைருலினா) பண்ணை இருக்கிறது. அது வேறு சாதி, உப்பைவிட சோடாத் தண்ணீரை விரும்புவது. இரண்டையும் ஒன்றாக்கி ஆரோக்கிய மாத்திரை விற்கிறவர்களின் வாட்ஸப் செய்திகளை நம்ப வேண்டாம்.

இந்த ஆடியில் மாவடு நன்றாக ஊறி, கடித்தால் உள்ளேயும் உப்பும் காரமுமாக இருந்தது. வடுவின் செல் சவ்வெல்லாம் குலைந்து உப்பு உள்ளே போனதால்தான் அந்த ருசி. உயிரோடு இருந்தவரை உப்பை வெளியேதான் நிறுத்தியிருந்தது. அப்போது ஒரு கிறுக்கு யோசனை வந்தது. என் பாசி மாவடுத் தண்ணீரில் பிழைக்குமா? உப்பு ஏறக்குறைய அதற்குப் பழகியதுதான். ஒரு கரண்டி வடுத் தண்ணீரை எடுத்து வடிகட்டிப் பாசியை விட்டேன். மைக்ராஸ்கோப்பில் வைப்பதற்குள் எல்லாம் அசைவற்றுக் கிடந்தன. இந்த முறை இரண்டு மணி நேரம் காத்திருந்தும் ஒன்றுகூட எழவில்லை. மாங்காய்ப் புளிப்பை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. அதே இனத்தில் டுனாலியெல்லா அசிடோஃபிலா என்று ஒன்று இருக்கிறது, எலுமிச்சைச் சாற்றைவிடப் புளித்த அமிலத் தண்ணீரில் வாழக்கூடியது. அது புளிப்பையாவது தாங்கியிருக்கும், இவ்வளவு உப்பையும் சேர்த்துத் தாங்குமா என்பது சந்தேகம்தான். உப்பூரில் அகப்பட்டது அது இல்லை.

இதற்குள் ஆயா இரண்டாம் கட்டுக்கு வந்துவிட்டார். "ஜாடிக்குள்ள எந்தக் கரண்டியடா விட்டே?"

மாடியில் பாசி கலக்குகிற கரண்டி என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. புதுக் கரண்டி என்றேன். ஜாடிக்குள் எட்டி மோந்து பார்த்துவிட்டு, மறுபடி வேடு கட்டி, முடிச்சை வழக்கத்தைவிட இறுக்கிப் போட்டார்.